இருண்டதெல்லாம் நெபுலா

"இன்னும் மூணே மாசம். அதுக்கப்புறம் இந்த வீட்டுல என்னைப் பார்த்து யாரும் சிரிக்க முடியாது!"

ஞாயிற்றுக்கிழமை காலையில் சாப்பாட்டு மேஜைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு க்ளெய்ம் சார் இப்படி முழங்கினார். வீட்டில் இருந்தது அவரும் அவர் மனைவியும் மட்டும்தான். மனைவி சிரிக்கவில்லை. சிரிக்க முடியாது. வாய் நிறையக் குண்டூசி வைத்திருந்தாள். மேஜையை மூடிக் கிடந்த யார் வீட்டு ஜன்னல் திரையோ மடிப்புக்காகக் காத்திருந்தது.

க்ளெய்ம் சார் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் க்ளெய்ம் பார்ப்பவர். இடித்த கார், எரிந்த கடை, நனைந்த சரக்கு என்று ஊரார் அனுப்பும் போட்டோக்களில் எது நிஜம், எது பித்தலாட்டம் என்று கண்டுபிடிக்கத்தான் அவருக்குச் சம்பளம். பழைய நசுங்கலைப் புது நசுங்கல் என்று ஒருவன் காட்டினால், "என் கண்ணுலயே மண்ணைத் தூவுறியா?" என்று கேட்டுக் கிழித்துப் போட்டுவிடுவார். அதனால் தெருவில் அவருக்கு இந்தப் பெயர். கோபம் வந்தால் மனைவியும் அப்படித்தான் கூப்பிடுவாள். ஆகவே வீட்டிலும் பெரும்பாலும் அதே பெயர்தான்.

மனைவி திரைச்சீலை தைப்பவள். வீடு, ஆபீஸ், ஆஸ்பத்திரி என்று எங்கே ஜன்னல் இருந்தாலும் அங்கே அவள் கைவேலை தொங்கும். ஆனால் தைப்பதற்கு அவளுக்கென்று ஓர் இடம் கிடையாது. சாப்பாட்டு மேஜையில்தான் தைப்பாள். வேளாவேளைக்குத் துணியைச் சுருட்டி, மெஷினைத் தூக்கிக் கீழே வைத்துவிட்டுத் தட்டு போட வேண்டும். சாப்பிட்டு முடித்ததும் மறுபடி தூக்கி மேலே வைக்க வேண்டும். இடுப்பு எப்போதோ விட்டுப்போயிருந்தது.

மொட்டைமாடியில் ஒரு நல்ல அறை இருக்கத்தான் இருந்தது. மூன்று பக்கமும் ஜன்னல், நல்ல காற்று, நல்ல வெளிச்சம். அதில் ஒரு டெலஸ்கோப் குடியிருந்தது. அதற்குப் புழுக்கம் ஆகாதாம்.

மனைவி ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்துத் துணியில் குத்திவிட்டு, "மூணு மாசத்துல அப்படி என்ன ஆகப் போகுது?" என்று கேட்டாள்.

"வானியல் மன்றத்துக் கண்காட்சி. என் படம் சுவர்ல ஏறப் போகுது."

"போன வருஷமும் இதேதான் சொன்னீங்க."

"போன வருஷம் நிலாவை எடுத்தேன். நிலாவை எவன் வேணாலும் எடுப்பான். இந்த வருஷம் டார்க் நெபுலா!"

"அது என்னது?"

"இருட்டு மேகம். நட்சத்திரங்களுக்கு முன்னாடி பெரிய தூசிக் கூட்டம் ஒண்ணு நிக்கும். பின்னாடி இருக்கிற வெளிச்சத்தை எல்லாம் மறைச்சிடும். அந்த இடம் மட்டும் கறுப்பாத் தெரியும்."

"தெரியுமா, தெரியாதா?"

"அங்கே ஒண்ணுமே தெரியாதுங்கிறது தெரியும்."

"தூசிதானே?"

"தூசிதான். ஆனா சாதாரணத் தூசியா அது?"

"நம்ம ஃபேன் மேலகூட ரெண்டு வருஷமா ஒரு டார்க் நெபுலா நிக்குது. முதல்ல அதைத் துடைங்க."

க்ளெய்ம் சாருக்குச் சுருக்கென்று தைத்தது. அந்த வேகத்தில்தான் அவர் வாயிலிருந்து பந்தயம் வந்தது.

"சரி, பந்தயம் வச்சுக்கலாம். நான் எடுத்த படம் சுவர்ல ஏறிச்சுன்னா மாடி அறை எனக்கு. கூரையை அறுத்துட்டு, தள்ளித் திறக்கிற மாதிரித் தகரம் போடப் போறேன். அதுக்கப்புறம் நீ அந்த அறைப் பேச்சையே எடுக்கக் கூடாது."

"ஏறலைன்னா?"

"உனக்கு. மெஷினைத் தூக்கிட்டு மேல போயிடு."

"பேச்சு மாறக் கூடாது."

"நானா மாறுவேன்?"

"சரி" என்றாள் மனைவி. உடனே சொன்னாள். இத்தனை வருஷம் அறை கேட்டுக் கேட்டு அலுத்துப் போனவள், இவ்வளவு சுலபமாகச் சரி என்கிறாளே என்று அவர் யோசித்திருக்க வேண்டும். யோசிக்கிற பழக்கம் அவருக்கு ஆபீஸ் நேரத்தில் மட்டும்தான்.

முதல் தடங்கல் எதிர்வீட்டிலிருந்து வந்தது. எதிர்வீட்டில் ஒரு ஜிம் மாஸ்டர். அவர் வீட்டு வாசலில் எரியும் விளக்கில் கிரிக்கெட் ஆடலாம்.

"மாஸ்டர், அந்த லைட்டைக் கொஞ்சம் அணைச்சு வைக்க முடியுமா?"

"எதுக்கு சார்?"

"இருட்டைப் படம் எடுக்கணும்."

"இருட்டை எடுக்க எதுக்கு சார் கேமரா? கண்ணை மூடுங்க, வந்துடும்."

"விளையாடாதீங்க மாஸ்டர்."

"லைட்டை அணைச்சா திருடன் வந்துடுவான் சார்."

"வந்தா என்ன? உங்ககிட்ட இன்ஷூரன்ஸ் இருக்கே!"

"இருக்கு சார். ஆனா க்ளெய்ம் பண்ணினா நீங்கதானே பார்ப்பீங்க? அதான் பயம்."

விளக்கு அணையவில்லை. கடைசியில் மனைவிதான் கனத்த கறுப்புத் துணியில் மாடிச் சுவர் உயரத்துக்கு ஒரு திரை தைத்துக் கொடுத்தாள். அதைக் கம்பில் கட்டி மறைத்தார். எதிர்வீட்டு வெளிச்சம் ஒருவழியாக அடங்கியது. அப்புறம் சொந்த வீட்டு வெளிச்சத்தின் மீது பாய்ந்தார். அமாவாசையை ஒட்டிய நாட்களில் பொழுது சாய்ந்ததும் வீட்டில் ஒரு பல்பு எரியக் கூடாது என்று சட்டம் போட்டார்.

"நான் எப்படித் தைக்கிறது?"

"பகல்ல தை."

"பகல்ல அளவெடுக்கப் போகணும், துணி வாங்கப் போகணும், உங்களுக்கு ஆக்கிப் போடணும்."

"ஒரு வீட்டுல ஒருத்தர் முன்னேறணும்னா இன்னொருத்தர் கொஞ்சம் விட்டுக் குடுக்கணும்."

எந்த ஒருத்தர், எந்த இன்னொருத்தர் என்று இருவருக்குமே தெரியும். திரைகள் தாமதமாயின. பெரிய ஆஸ்பத்திரி ஒன்று, "உங்களுக்கு முடியலைன்னா சொல்லிடுங்கம்மா" என்று சொல்லி வேறு ஆளிடம் கொடுத்துவிட்டது. அவள் வருஷக்கணக்காக ஏறி இறங்கிப் பிடித்த ஆர்டர் அது. க்ளெய்ம் சாரிடம் சொன்னபோது, "போனாப் போகட்டும், கை வலி மிச்சம்" என்றார். அவள் இருட்டில் உட்கார்ந்திருந்தாள். முகம் தெரியவில்லை. அதனால் அவருக்கு ஒன்றும் தோன்றவில்லை.

வேலையில் ஒரு பாதி அவள் தலையில்தான் விழுந்தது. அதற்கு ஒரு பாடமும் நடத்தினார்.

"நல்லாக் கேட்டுக்கோ. டெலஸ்கோப்புல கேமராவை மாட்டியிருக்கேன். டெலஸ்கோப் மூடியைத் திறந்து வச்சு வானத்தை எடுத்தா அதுக்குப் பேரு லைட். மூடியைப் போட்டுட்டு எடுத்தா அதுக்குப் பேரு டார்க்."

"மூடியைப் போட்டா என்னங்க தெரியும்?"

"ஒண்ணும் தெரியாது."

"ஒண்ணும் தெரியாததை எதுக்கு எடுக்கணும்?"

"கேமராவுக்குள்ளயே கொஞ்சம் பொய் இருக்கு. ஒவ்வொரு படத்தையும் நிமிஷக்கணக்கா எடுக்கும்போது, இல்லாத இடத்துல புள்ளி புள்ளியா வரும். பார்த்தா நட்சத்திரம் மாதிரியே இருக்கும். மூடி போட்டு எடுத்தா அந்தப் பொய் மட்டும் தனியா விழும். அப்புறம் நிஜத்துலேர்ந்து பொய்யைக் கழிச்சிடலாம்."

"ஆம்பிளைங்களுக்கும் இப்படி ஒரு மூடி இருந்தா எவ்வளவு சௌகரியம்!" என்றாள் மனைவி.

ஏற்பாடு இதுதான். சாப்பிட்டுவிட்டு அவர் மாடிக்குப் போய் வானத்தை எடுப்பார். கண் சொக்கியதும் கீழே வந்து படுத்துவிடுவார். மனைவி மேலே போய் மூடியைப் போட்டு, பொத்தானை அழுத்தி, டார்க் எடுத்துவிட்டு வருவாள். வானம் அவருடையது, மூடி அவளுடையது.

வாரக்கணக்கில் மேகம் படுத்தியது. திடீரென்று ஓர் அமாவாசையை ஒட்டி வானம் கழுவி வைத்தது போலத் தெளிந்தது. க்ளெய்ம் சார் பக்தியோடு உழைத்தார். அதில் குறை சொல்ல முடியாது. கழுத்து பிடித்துக்கொண்டது, கொசு பிடுங்கியது, பனியில் மூக்கு ஒழுகியது. மனிதர் அசையவில்லை. வாழ்க்கையில் ஒரு தடவையாவது, பொய் என்று யாரும் சொல்ல முடியாத ஒன்றைத் தன் கையால் எடுக்க வேண்டும் என்ற ஆசை அவருக்கு உண்மையிலேயே இருந்தது. ஆசையில் தப்பில்லை. அதற்கான செலவை அடுத்தவர் கணக்கில் எழுதியதுதான் தப்பு.

படமெடுத்து முடிந்த மறுநாள் ஆபீசில் கூட்டம். வாசலில் ஒருவன் கார் கண்ணாடி உடைந்ததென்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தான். அந்தச் சத்தத்துக்கு நடுவே மனைவி போன் செய்தாள்.

"என்னங்க, கேமரா கார்டுல இருக்கிறதைக் கம்ப்யூட்டர்ல ஏத்தச் சொன்னீங்களே, எல்லாத்தையும் ஒண்ணாப் போட்டுடவா?"

"ஐயையோ, கலந்துடாதே! இருட்டை எல்லாம் இருட்டுன்னு ஒரு ஃபோல்டர்ல போடு. மத்ததைத் தனியாப் போடு."

"இருட்டுன்னா எதைச் சொல்றீங்க?"

"இருட்டுன்னா இருட்டு! உனக்குத் தமிழ் தெரியாதா?"

போனை வைத்துவிட்டார். அவளுக்குத் தமிழ் நன்றாகத் தெரியும். அவர் நடத்திய பாடமும் தெரியும். மூடி போட்டது டார்க், அதாவது இருட்டு. மூடி திறந்தது லைட், அதாவது வெளிச்சம். அப்படியே இரண்டு ஃபோல்டர் போட்டுப் பெயரும் வைத்துவிட்டாள். ஆனால் க்ளெய்ம் சார் மனதில் இருட்டு என்றால் அன்று அவருடைய இருட்டு மேகம்தான். மாதக்கணக்காக வேறு இருட்டே அவருக்கு உலகத்தில் இல்லை.

சாயங்காலம் வந்து கம்ப்யூட்டரைத் திறந்தார். இருட்டு, வெளிச்சம் என்று இரண்டையும் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"பரவாயில்லையே! மாஸ்டர் வீட்டு லைட் பட்டுக் கெட்டுப்போனதை எல்லாம் நீயே வெளிச்சம்னு தனியாப் பிரிச்சு வச்சுட்டியே! உனக்குக்கூட மூளை இருக்கு!"

அடுக்களையில் குக்கர் கத்திக்கொண்டிருந்தது. மனைவியின் காதில் விழுந்தது கடைசி வாக்கியம் மட்டும்தான். அது பாராட்டா, திட்டா என்று அவள் யோசித்துக்கொண்டிருந்தபோதே, க்ளெய்ம் சார் வெளிச்சத்தை மொத்தமாக அழித்தார். கார்டையும் துடைத்தார். ஒரு படத்தைக்கூடத் திறந்து பார்க்கவில்லை. ஊரான் கார் நசுங்கலைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்கிற மனுஷன்!

அடுத்த வாரம் முழுக்க அவர் அந்த இருட்டைத்தான் கடைந்தார். படங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார். இந்தத் தடவை மூடி போட்டு எடுத்தவை எங்கே என்று தேடவில்லை; போன மாதம் பழகிப் பார்க்க எடுத்தவை கைவசம் இருக்கின்றனவே என்று அவற்றை எடுத்து இதிலிருந்து கழித்தார். பழைய பொய்யைப் புதுப் பொய்யிலிருந்து கழித்தால் என்ன மிஞ்சும்? கலப்படமில்லாத பொய் மிஞ்சியது. முதலில் கம்ப்யூட்டர் திரை மசி பூசினது போல இருந்தது. "டார்க் நெபுலான்னா டார்க்காத்தானே இருக்கும்" என்று தேற்றிக்கொண்டு படத்தின் வெளிச்சத்தை ஏற்றினார். இன்னும் ஏற்றினார். இழு இழு என்று இழுத்தார். கடைசியில் சிவப்பும் நீலமுமாகப் புள்ளிகள் கிளம்பின. அவற்றின் நடுவே பழுப்பு நிறத்தில் திட்டுத் திட்டாக ஏதோ தெரிந்தது.

"அதோ தலை! அதோ வால்!"

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். இவர் கண்ணுக்கு நெபுலா.

மனைவி டீ கொண்டுவந்தாள். திரையைப் பார்த்தாள். டம்ளர் கையிலேயே நின்றது.

"என்னங்க இது?"

"இதுதான் அது!"

"எந்த ஃபோல்டர்லேர்ந்து எடுத்தீங்க?"

"இருட்டு."

"இருட்டுலேர்ந்தா? ஏங்க, அது வந்து..."

"தெரியாத விஷயத்துல மூக்கை நுழைக்காதே."

"இல்லைங்க, அதுல இருக்கிறது..."

"உனக்குத் தெரிஞ்சது திரை தைக்கிறது. அதைப் பாரு. கொஞ்சம் தூரப் போய் நில்லு, உன் நிழல் ஸ்கிரீன்ல விழுது."

தூரப் போய் நின்றாள். அங்கிருந்து கொஞ்ச நேரம் அவர் முதுகைப் பார்த்தாள். அந்த முதுகைப் பார்த்துத்தான் அவள் வாழ்க்கையில் பாதி போயிருந்தது. டீயை மேஜையில் வைத்துவிட்டுத் தைக்கப் போனாள். மெஷின் சத்தத்தைக் குறைக்கச் சொல்லி உள்ளேயிருந்து குரல் வந்தது. குறைத்தாள்.

படம் சுவரில் ஏறியது.

ஓரமாக அல்ல, வாசலுக்கு நேரே, தனி விளக்குப் போட்டு ஏறியது. மன்றத்தின் தலைவர் ஒரு கண் டாக்டர். ஊரில் பாதிப் பேருக்குப் பார்வை கொடுத்தவர். கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தார், மாட்டிப் பார்த்தார், கிட்டே போய்ப் பார்த்தார்.

"இவ்வளவு ஆழமான இருட்டை என் சர்வீஸ்ல பார்த்ததில்லை சார்!" என்றார். "ஆனா ஒண்ணு, நட்சத்திரங்கள் எதுவும் வழக்கமான இடத்துல இல்லையே?"

"அதான் டாக்டர் என் பார்வை."

"பிரமாதம்!" என்று கை குலுக்கினார் டாக்டர். சுற்றி நின்ற மன்றத்துக்காரர்களும் பிரமாதம் என்றார்கள். புரியவில்லை என்று முதலில் சொல்ல யாருக்கும் தைரியம் இல்லை.

ஆபீஸ் மேனேஜரும் வந்திருந்தார். "பொய்ப் போட்டோவைப் பிடிக்கிறவர் எடுத்த நிஜப் போட்டோ!" என்று சொல்லி, க்ளெய்ம் சாரைப் படத்துக்குப் பக்கத்தில் நிறுத்திப் படம் பிடித்தார். அதைப் பெரிதாக்கி ஆபீஸ் வரவேற்பறையில் மாட்டப் போவதாகவும் சொன்னார். எல்லோரும் கைதட்டினார்கள். மனைவியும் தட்டினாள். சொல்லப்போனால் அவள்தான் முதலில் தட்டினாள்.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதே க்ளெய்ம் சார் ஆரம்பித்துவிட்டார்.

"நாளைக்குக் கூரை அறுக்க ஆள் வருது. துணி மூட்டை ஏதாவது மாடியில இருந்தா எடுத்துடு."

"ஆள் வரட்டுங்க. ஆனா கூரையைத் தொட வேண்டாம். சுவர்ல அலமாரி அடிக்கணும், துணி அடுக்க."

"பந்தயத்துல ஜெயிச்சது யாரு? நான்!"

"படம் ஜெயிச்சுது. அதை எடுத்தது யாரு?"

"இது என்ன கேள்வி? நான்தான்!"

"நீங்க எடுத்தது வானத்தை. மூடி போட்டு எடுத்தது நான். அங்கே சுவர்ல தொங்குறது மூடிங்க."

க்ளெய்ம் சார் சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது. ஓடிப்போய்க் கம்ப்யூட்டரைத் திறந்தார். இருட்டு ஃபோல்டரில் இருந்த படங்களின் நேரத்தைப் பார்த்தார். ஒவ்வொன்றும் அவர் குறட்டை விட்டுக்கொண்டிருந்த நேரம். போட்டோவின் நேரத்தைப் பார்ப்பதுதான் ஆபீசில் அவர் செய்கிற முதல் வேலை. எத்தனையோ பேரை அதை வைத்தே பிடித்திருக்கிறார்.

"அப்போ வெளிச்சத்துல இருந்தது?"

"வானம். நீங்கதான் தூக்கிப் போட்டுட்டீங்க."

நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அறை போனதுகூட அந்த நிமிஷம் அவருக்கு உறைக்கவில்லை. கழுத்து வலியும் கொசுக்கடியுமாக எடுத்த வானம், திறந்துகூடப் பார்க்காமல் போய்விட்டதே என்பதுதான் உறைத்தது.

"அது... எப்படி இருந்துச்சு?"

மனைவி கொஞ்சம் யோசித்தாள். "ஏத்தும்போது ஒவ்வொண்ணாத் திறந்து பார்த்தேங்க. மணலை வாரி இறைச்ச மாதிரி நட்சத்திரம். நடுவுல ஒரு இடம் மட்டும் ஒண்ணுமே இல்லாம, கறுப்பா வளைஞ்சு கிடந்துச்சு. அழகா இருந்துச்சு. அடுப்புல வச்சதை மறந்துட்டுப் பார்த்துட்டு இருந்தேன்."

அவள் அதைக் குத்திக்காட்டச் சொல்லவில்லை. அதனாலேயே அதிகமாகக் குத்தியது.

"முன்னாடியே சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாதா?"

"ரெண்டு தடவை வாயைத் திறந்தேன். தூரப் போய் நிக்கச் சொன்னீங்க. நின்னேன்."

"படம் ஏறலைன்னாலும் அறை உனக்கு. ஏறினாலும் உனக்கு. எல்லாம் தெரிஞ்சுதான் சும்மா இருந்திருக்கே!"

"ஆஸ்பத்திரி ஆர்டர் போனப்ப நீங்க சும்மா இருந்தீங்களே, அதே மாதிரிதான்."

க்ளெய்ம் சாருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "நான் டாக்டர்கிட்ட உண்மையைச் சொல்லிடுவேன்! எனக்கு மானம்தான் பெரிசு!"

"சொல்லுங்க. நானே போன் போட்டுத் தரேன்." போனை எடுத்து நம்பரையும் தேட ஆரம்பித்தாள்.

"அவசரப்படாதே!"

டாக்டர்கூடப் பரவாயில்லை, மேனேஜர் வரவேற்பறைச் சுவரில் ஆணி அடித்துவிட்டிருப்பார். நாளைக்குப் பழைய நசுங்கலோடு வருகிறவன் ஒவ்வொருவனும் அதைக் காட்டிச் சிரிப்பான். க்ளெய்ம் சார் போனை அவள் கையிலிருந்து மெதுவாக வாங்கி மேஜையில் கவிழ்த்து வைத்தார்.

கூரை அறுக்க வந்த ஆள் அலமாரி அடித்துவிட்டுப் போனான். டெலஸ்கோப் மாடிப்படிக்கு அடியில், துடைப்பத்துக்குப் பக்கத்தில் இடம் பிடித்தது. தையல் மெஷினை மேலே கொண்டுபோனவர் க்ளெய்ம் சார்தான். அது அவ்வளவு கனமாக இருக்கும் என்று அவர் நினைத்ததே இல்லை. படியில் பாதி வழியில் நின்று மூச்சு வாங்கினார். இதைத்தான் அவள் தினமும் தூக்கி இறக்கிக்கொண்டிருந்தாளா என்று ஒரு கணம் தோன்றியது. கேட்கவில்லை. கேட்டால் பதில் சொல்லிவிடுவாள் என்று பயம்.

மூன்று ஜன்னல் வெளிச்சத்தில் உட்கார்ந்து அவள் தைக்க ஆரம்பித்த அன்று, கண் டாக்டர் போன் செய்தார். அடுத்த வருஷக் கண்காட்சியில் வாசல் சுவரை இப்போதே க்ளெய்ம் சாருக்கு ஒதுக்கிவிட்டார்களாம். இதே தரத்தில் இன்னும் பெரிதாக ஒரு படம் வேண்டுமாம். அதுவரை மாதாமாதம் மன்றத்தில் பேச வேண்டுமாம்.

க்ளெய்ம் சார் அறை வாசலில் வந்து நின்றார். உள்ளே வரலாமா என்று தெரியவில்லை.

"அடுத்த வருஷமும் கேக்கறாங்க. இதே மாதிரி வேணுமாம். இப்போ நான் என்ன பண்றது?"

மனைவி மெஷினை நிறுத்தவில்லை, திரும்பியும் பார்க்கவில்லை.

"பேசாம மூடிட்டு இருங்க. அப்போதான் உங்களுக்கு நல்லா வருது."